ஸ்டாப்பார்ட் புலம்பெயர்ந்த எழுத்தாளரா? (விவாத இழை)

ஜனவரி 11, காலை. வாசகர் கேள்வி

ஆங்கில நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டைப் புலம்பெயர் எழுத்தாளர் வரிசையில் சேர்க்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கைக்குழந்தையாகச் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டார், இந்தியாவில் ஆங்கிலப் பள்ளி, எட்டு வயதில் இங்கிலாந்து. அப்பா ஜப்பானியச் சிறைமுகாமில் இறந்தது துயரம்தான். ஆனால் 2020-இல் வந்த 'லியோபோல்ட்ஸ்டாட்' வரைக்கும் அந்த வாழ்க்கையின் தடம் அவர் நாடகங்களில் எங்கே இருக்கிறது? எல்லாம் மூளை விளையாட்டு. மறுப்பவர்கள் உதாரணம் காட்டி மறுக்கவும்.

ஜனவரி 11, இரவு

முதலில் ஒரு திருத்தம். அப்பா முகாமில் இறக்கவில்லை. ஸ்டாப்பார்டே வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தார். அதனால் பழைய அறிமுகக் குறிப்புகளில் அந்தச் செய்திதான் இருக்கும். 1942-இல் சிங்கப்பூரிலிருந்து தப்பி வந்த கப்பல் ஒன்றில் அப்பா இருந்தார். ஜப்பானியர் அதன்மேல் குண்டு வீசினார்கள். கடலில் போனார்.

அவர் பெயர் யூஜென் ஸ்ட்ரௌஸ்லர், மருத்துவர். ஊர் ஸ்லீன். ஸ்லீன் என்றால் நமக்குத் தெரியாது, பாட்டா என்றால் தெரியும். அந்தச் செருப்புக் கம்பெனி 1894-இல் தொடங்கிய ஊர் அதுதான். ஊரே கம்பெனி, கம்பெனியே ஊர். யூஜென் பாட்டா மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1937 ஜூலை 3 அன்று இரண்டாவது மகன் பிறந்தான், தொமாஷ் ஸ்ட்ரௌஸ்லர். 1939-இல் ஹிட்லர் படை உள்ளே வந்தபோது, யூதர்களான தன் மருத்துவர்களை வெளிநாட்டுக் கிளைகளுக்கு மாற்றிவிட்டது பாட்டா. இவர்களுக்கு விழுந்தது சிங்கப்பூர். மூன்று வருடம் கழித்து ஜப்பான் நெருங்கியதும் அம்மாவும் இரண்டு பையன்களும் கப்பலேறினார்கள். ஆஸ்திரேலியா போவதாக நினைத்து ஏறியவர்கள் பம்பாயில் இறங்கினார்கள்.

இந்தியாவில் நான்கு வருடம். டார்ஜிலிங்கில் அம்மா பாட்டா செருப்புக் கடையைப் பொறுப்பேற்று நடத்தினார். பையன்கள் மவுண்ட் ஹெர்மன் பள்ளியில் படித்தார்கள். தொமாஷ் அங்கே டாம் ஆனான், அண்ணன் பெட்ர் பீட்டர் ஆனான். 1945-இல் அம்மா பிரிட்டிஷ் ராணுவ மேஜர் கென்னத் ஸ்டாப்பார்டை மணந்தார். 1946-இல் இங்கிலாந்து. ஸ்ட்ரௌஸ்லர் போய் ஸ்டாப்பார்ட் வந்தது.

எட்டரை வயதுக்குள் மூன்று நாடு கடந்தாயிற்று, இரண்டு பெயரும் மாறியாயிற்று. அம்மா பழையதைப் பேசவே மாட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு நாடகங்களுக்குள் போவோம். செக் நாட்டுத் தெருவோ யூத வீடோ அவற்றில் இருக்கிறதா என்று தேடினால் 2020 வரை அகப்படாது, சரி. நான் தேடச் சொல்வது நாடகத்தின் பொறியமைப்பில்.

ஜனவரி 12

பொறியமைப்பு என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அதிகம் பேசப்படாத 1979-ஆம் வருட இரட்டை நாடகம், 'டாக்'ஸ் ஹாம்லெட், கஹூட்'ஸ் மேக்பெத்'.

முதல் பாதி ஒரு பள்ளிக்கூடம். பையன்கள் பேசுவது 'டாக்' என்னும் மொழி. சொல்லெல்லாம் ஆங்கிலச் சொல்தான், பொருள்தான் வேறு. மேடை கட்டும்போது 'பலகை' என்று ஒருவன் கத்தினால் பலகை வருகிறது. 'பாளம்' என்றால் பாளம் வருகிறது. பார்ப்பவர்கள் பொருளின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த மொழியில் அவை 'தயார்', 'சரி', 'அடுத்தது', 'நன்றி' என்பவை. எறிகிறவனுக்கு எந்த வரிசையில் என்ன வேண்டும் என்று முன்பே தெரியும், அதனால் இரண்டு விளக்கமும் பொருந்திப் போகிறது. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் சொன்ன கட்டடத் தொழிலாளி உதாரணத்திலிருந்து எடுத்தது. அந்த இடத்துக்கு ஈஸி என்கிற லாரி ஓட்டுநர் சரக்கு இறக்க வருகிறான். அவனுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அவன் தடுமாறித் தடுமாறிக் கற்பதோடு அரங்கில் இருப்பவர்களும் அந்த மொழியைக் கற்றுவிடுகிறார்கள். ஒலிவாங்கிச் சோதனையில் 'சன், டாக், ட்ராக்' என்று காதில் விழும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரும் சொல்லித்தராமலே புரிகிறது. அந்தப் பையன்கள் பிறகு ஹாம்லெட்டைச் சுருக்கி நடிக்கிறார்கள். அவர்களுக்கு ஷேக்ஸ்பியர் வேற்றுமொழி, மனப்பாடம் பண்ணிய வேற்றுமொழி.

இரண்டாம் பாதி ப்ராக் நகரத்து வீட்டுக் கூடம். இதன் பின்னணி உண்மையானது. வேலை பறிக்கப்பட்ட செக் நடிகர்களை வைத்து நாடகாசிரியர் பாவெல் கொஹூட் வீட்டுக்குள்ளேயே மேக்பெத் போட்டார். நாடகத்தில் காவல் ஆய்வாளர் நடுவில் வந்து மிரட்டுகிறார். அப்போது அதே ஈஸி வருகிறான், இப்போது 'டாக்' மட்டும்தான் பேசுகிறான். நடிகர்கள் அவனிடமிருந்து அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு மீதி மேக்பெத்தை அதிலேயே முடிக்கிறார்கள். ஆய்வாளருக்கு ஒன்றும் புரிவதில்லை. நமக்குப் புரிகிறது, முதல் பாதியில் கற்றுவிட்டோமே.

பிறந்த மொழியை இழந்து, தெருவிலும் பள்ளியிலும் காதால் பிடித்தே வேறு மொழிக்குள் வந்த ஒருவருக்குத்தான் இந்தப் பொறி தோன்றும் என்பது என் எண்ணம். ஸ்டாப்பார்டுக்குச் செக் மொழி கைவிட்டுப் போய்விட்டது. செக் நாடகாசிரியர் ஹாவெலின் 'லார்கோ டெஸொலாட்டோ'வை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோதுகூட வேறொருவர் செய்த சொல்லுக்குச் சொல் பெயர்ப்பை வைத்துக்கொண்டுதான் எழுதினார்.

மேடையேற்றுகிறவர்கள் கவனிக்க: முதல் பாதியை அவசரப்படுத்தினால் இரண்டாம் பாதி செத்துவிடும். அந்த மொழியைப் பேசும் நடிகர் முகத்தைக் கோணி 'இது வேடிக்கை மொழி' என்று காட்டவே கூடாது. 'நன்றி' என்ற பொருளை மனதில் வைத்து, நன்றி சொல்கிற குரலில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். கற்பிப்பது அந்தக் குரல்தான்.

ஜனவரி 12, பின்னிரவு

இன்னொரு பொறி, பெயர்.

'ரோஸன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்': ஹாம்லெட்டில் வரும் இரண்டு சின்னப் பாத்திரங்கள்தான் இதில் நாயகர்கள். இருவரில் யார் எந்தப் பெயர்க்காரர் என்று அவர்களுக்கே குழம்பும். விடியலில் ஒரு தூதன் வந்து கூப்பிட்டான், கிளம்பினோம் என்பதற்கு முன்னால் எதுவும் நினைவில் இல்லை. 'எவ்ரி குட் பாய் டிஸர்வ்ஸ் ஃபேவர்': சோவியத் மனநல மருத்துவமனையில் ஒரே அறைக்குள் இரண்டு அலெக்சாந்தர் இவானோவ். ஒருவர் அரசை எதிர்த்தவர், மற்றவர் தலைக்குள் இசைக்குழு கேட்கிறவர். கடைசியில் கர்னல் ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்டு இரண்டு பேரையும் வெளியே விட்டுவிடுகிறார். டெர்ரி கில்லியம், சார்ல்ஸ் மெக்கியோனோடு சேர்ந்து எழுதிய 'பிரேஸில்' படத்தில் அச்சு இயந்திரத்துக்குள் ஒரு பூச்சி விழுந்து 'டட்டில்' என்ற பெயர் 'பட்டில்' ஆகிவிடுகிறது, நிரபராதி செத்துப்போகிறான். 'ஹாப்குட்' நாடகத்தில் உளவுத்துறையும் இரட்டையரும். 'லியோபோல்ட்ஸ்டாட்'டில் லியோபோல்ட் ரோஸன்பாம் என்ற பையன் லெனர்ட் சேம்பர்லேன் ஆகி இங்கிலாந்தில் வளர்கிறான்.

1966-லிருந்து 2020 வரை விடாமல் வருகிறது. காகிதத்தில் ஓர் எழுத்து மாறினால் ஆள் மாறுவான், உயிரே போகும் என்பது அவருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

ஜனவரி 14

நேற்றைக்கு முந்தின நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். இழுத்துக் கட்டிவிட்டேன். ஆள்மாறாட்டமும் இரட்டையரும் ரோமானிய நகைச்சுவை காலத்திலிருந்து மேடையின் பொதுச்சொத்து. ரோஸன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரையும் பிரித்தறிய முடியாமல் படைத்தவரே ஷேக்ஸ்பியர். அதைவிட முக்கியம், 1966-இல் தன் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று ஸ்டாப்பார்டுக்கே முழுதாகத் தெரியாது. பிற்பாடு தெரிந்ததை முற்பாடு எழுதியதற்குள் திணிப்பது தப்பு.

ஆனாலும் முதல் காட்சியை ஒருமுறை பாருங்கள். நாணயம் சுண்டுகிறார்கள், 92 தடவையும் தலையே விழுகிறது. ஒழுங்கான நாணயத்தில் அதற்கான வாய்ப்பு, 5-க்குப் பின்னால் 27 சுழியம் போட்டால் வரும் எண்ணில் கிட்டத்தட்ட ஒன்று. கில்டன்ஸ்டெர்ன் தர்க்கம் மேல் தர்க்கமாக அடுக்குகிறான், ஒன்றும் உதவவில்லை. நாடோடிக் கூத்தாடிகள் வந்து போகும் முனையில் முதல் முறையாகப் பூ விழுகிறது. அதே கணம் விளக்கு மாறுகிறது, ஹாம்லெட்டின் அரண்மனைக்குள் நிற்கிறார்கள். சாதாரண விதிகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குவது அடுத்தவர் கதைக்குள் போன பிறகுதான். அந்தக் கதையில் இவர்கள் பங்கு ஏற்கெனவே எழுதியாயிற்று. ஷேக்ஸ்பியர் காட்சிகளில் அவர்கள் பேசுவது ஷேக்ஸ்பியர் வரிகளையேதான். அரண்மனை ஆட்கள் போனதும் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வெளியே ஒரு மொழி, வீட்டுக்குள் ஒரு மொழி. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது அன்றாடம்.

நடிக்கிறவர்களுக்கு ஒன்று. நாணயம் அரங்கத்துக்குத் தெரியாது, 'தலை' என்ற சொல்தான் தெரியும். அதனால் சொல்லின் தாளம் பிசகவே கூடாது. ஒவ்வொரு சுண்டலுக்கும் வியப்புக் காட்டினால் ஐந்தாவதிலேயே சலித்துவிடும். ஒருவன் வியக்கவே இல்லை, ஜெயிப்பதில் சிறு கூச்சம் மட்டும். மற்றவன் நடுங்குகிறான். அந்த வித்தியாசம் வந்துவிட்டால் காட்சி நிற்கும்.

ஜனவரி 14, மாலை

பல்கலைக்கழகம் போனாரா என்ற கேள்விக்கு: இல்லை. 17 வயதில் படிப்பை விட்டார். 1954-இல் பிரிஸ்டலில் 'வெஸ்டர்ன் டெய்லி பிரஸ்' நிருபர், 1958-லிருந்து அதே ஊரின் 'ஈவினிங் வேர்ல்ட்'. நாடக விமர்சனமும் எழுதினார். பிரிஸ்டல் ஓல்ட் விக் அரங்கம் பக்கத்திலேயே இருந்ததால் நடிகர்களோடு பழக்கம். 1964-இல் ஃபோர்ட் அறக்கட்டளை நல்கையில் பெர்லினில் சில மாதம் தங்கியபோது ஓரங்க நாடகமாக எழுதியதுதான் ரோஸன்கிரான்ட்ஸின் விதை. ராயல் ஷேக்ஸ்பியர் குழு அதை வாங்கி வைத்திருந்து போடாமல் விட்டது. 1966 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் குழு எடின்பரோ விழாவின் ஓரத்தில் ஒரு சிறு கூடத்தில் போட்டது. 'அப்சர்வர்' இதழில் ரொனால்ட் பிரைடன் புகழ்ந்து எழுத, நேஷனல் தியேட்டரிலிருந்து கென்னத் டைனன் பிரதி கேட்டுத் தந்தி அடித்தார். 1967 ஏப்ரல் 11 அன்று லண்டன் ஓல்ட் விக்கில் அரங்கேற்றம். வயது 29. அடுத்த வருடமே அமெரிக்க நாடக விருதான டோனி. சிறந்த நாடகத்துக்கு அவர் வாங்கிய ஐந்து டோனிகளில் முதலாவது, கடைசி 2023-இல்.

ஜனவரி 17

திரைக்கதைப் பக்கம் கேட்டவர்களுக்கு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும்: 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் குருசேட்' (1989) படத்தில் அவர் பெயர் இல்லையே, ஏன் எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள்?

வசனம் பெரும்பாலும் அவருடையது என்று ஸ்பீல்பெர்க்கே சொல்லியிருக்கிறார். திருத்திய பிரதியில் 'பாரி வாட்சன்' என்ற புனைபெயர் இருக்கும். திரையில் திரைக்கதை என்று வருவது ஜெஃப்ரி போம் பெயர். இது மோசடி இல்லை, விதி. அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கத்தில் யாருக்குப் பெயர் என்பதில் தகராறு வந்தால் மூன்று எழுத்தாளர்கள் நடுவராக உட்காருவார்கள். பிரதிகளில் பெயர் இருக்காது, எழுத்தாளர் அ, எழுத்தாளர் ஆ என்றுதான் இருக்கும். பார்ப்பவை நான்கு: கதைக் கட்டமைப்பு, புதிய காட்சிகள், பாத்திரப் படைப்பு, வசனம். தழுவல் என்றால் பின்னால் வந்தவர் மூன்றில் ஒரு பங்காவது செய்திருக்க வேண்டும், சொந்தக் கதைக்குப் பாதி. வசனம் நான்கில் ஒன்றுதான். கட்டமைப்பைத் தொடாமல் வசனம் முழுவதையும் மாற்றியவருக்கும் பெயர் வராமல் போகலாம்.

'ஷேக்ஸ்பியர் இன் லவ்' (1998) வேறு மாதிரி. மூலக்கதையும் முதல் பிரதியும் மார்க் நார்மன். ஸ்டாப்பார்ட் பின்னால் வந்தவர். இருவர் பெயரும் வருகிறது, ஆஸ்கரும் இருவருக்கும். பெயர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். 'அண்ட்' என்று எழுத்தாக இருந்தால் தனித்தனியாக எழுதினார்கள் என்று பொருள். அதற்கான சுருக்கக் குறி (&) போட்டிருந்தால் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய ஜோடி. இங்கே எழுத்தாக இருக்கிறது. ஹாலிவுட் படம் பார்க்கும்போது பெயர் வரிசையில் இதைக் கவனித்தால் யார் யாரோடு எழுதினார் என்பது தெரிந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை அவர் திரைப்பணியில் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது 'எம்பயர் ஆஃப் த சன்' (1987). ஜே. ஜி. பல்லார்ட் நாவல். ஜப்பானியர் நுழையும் ஷாங்காயில் பெற்றோரைத் தவறவிடும் ஆங்கிலேயச் சிறுவன், முகாமில் வளர்கிறான். அப்பா அம்மா முகம் நினைவில் இல்லை என்று ஓரிடத்தில் சொல்கிறான். கதை பல்லார்டுடையது, சந்தேகமில்லை. ஆனால் 1942-இல் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி, அப்பாவைத் திரும்பப் பார்க்காத ஒருவர் கையில் அந்தப் பிரதி வந்து சேர்ந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் இந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜனவரி 18

'அன்னா கரேனினா'வை (2012) நாடக அரங்கத்துக்குள்ளேயே எடுத்தது ஸ்டாப்பார்ட் யோசனை என்று எழுதியவருக்கு: இல்லை. அவர் எழுதியது வழக்கமான வெளிப்புறக் காட்சிகளுக்கான திரைக்கதை. அரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்றது இயக்குநர் ஜோ ரைட், படப்பிடிப்புக்குச் சில வாரம் முன்னால். நாடகக்காரர் எழுதியதென்றால் நாடகத்தனமாக இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். தன் ரோஸன்கிரான்ட்ஸையே 1990-இல் அவர் படமாக இயக்கியபோது பேச்சை வெட்டித் தள்ளினார், கேள்விகளாலேயே ஆடும் விளையாட்டை டென்னிஸ் களத்தில் வைத்தார். வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. மேடையில் காதுக்குக் கொடுத்ததைப் படத்தில் கண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று தெரிந்தவர்.

ஜனவரி 21

'ஆர்க்கேடியா'வை மேடையேற்ற ஒரு கல்லூரிக் குழு யோசிப்பதாகச் சொன்னார்கள். நல்லது. முதலில் உரிமை வாங்குங்கள். பிறகு மேசையைப் பாருங்கள்.

டெர்பிஷயரில் ஒரு பெரிய பண்ணைவீட்டின் ஒரே அறை. காட்சிகள் 1809-க்கும் நிகழ்காலத்துக்குமாக மாறி மாறி வரும். ஏழு காட்சி, 13 நடிகர். காட்சி மாறும்போது அரங்கப் பொருளை எடுக்கவே கூடாது. நடு மேசையில் ஒவ்வொரு காட்சியும் எதையாவது விட்டுவிட்டுப் போகும்: புத்தகம், கடிதம், காப்பிக் கோப்பை, மடிக்கணினி, ஆமை. ஒரு நூற்றாண்டில் வைத்தது அடுத்த நூற்றாண்டில் அப்படியே கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நிகழ்காலத்தில் கஸ் என்ற பேசாத பையன் ஹன்னாவுக்கு ஓர் ஆப்பிள் கொடுக்கிறான். அடுத்த காட்சி 1809, வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியர் செப்டிமஸ் அதே ஆப்பிளை வெட்டி ஆமைக்கு ஊட்டுகிறார். ஆப்பிள் இடம் மாறி வைக்கப்பட்டால் அந்த இணைப்பு போய்விடும். ஒத்திகையின் முதல் வாரத்திலேயே மேசைக்கு வரைபடம் போட்டு, எந்தப் பொருள் எந்தக் காட்சியில் வருகிறது, யார் தொடுகிறார் என்று ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

அறிவியல் பகுதியில் மாணவர்கள் பொதுவாக விழும் பள்ளம், விளக்கிக்கொண்டே போவது. 13 வயது தாமஸினா அரிசிப் பாயசத்தில் பழக்கூழைக் கலக்குகிறாள், சிவப்புக் கோடு பரவுகிறது. கரண்டியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கூழ் திரும்ப ஒன்றுசேர்வதில்லை. ஏன் என்று கேட்கிறாள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மொத்தமும் அவ்வளவுதான். பாயசம் நம் வீட்டுப் பொருள், அந்த வரிக்கு அடிக்குறிப்பே வேண்டாம். அவள் கேள்வியைப் பிள்ளைக் கேள்வியாகவே விடுங்கள், மேதை தோரணை வேண்டாம். அவள் 17-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின இரவு தீயில் இறக்கப்போகிறாள் என்பது கடைசியில்தான் நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு அந்தப் பாயசம் வேறாக நினைவுக்கு வரும்.

ஏழாவது காட்சியில் இரண்டு காலமும் ஒரே நேரத்தில் மேடையில், பழைய காலம் இங்கே 1812. நிகழ்கால ஆட்கள் விருந்துக்காகப் பழங்கால உடை போட்டிருப்பார்கள், பார்த்தவுடன் பிரிக்க முடியாது. இங்கே தடுமாற்றம் வருவது வசனத்தில் அல்ல, நடையில். இரண்டு ஜோடிகளும் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடாமல், ஒருவரை ஒருவர் பார்த்தும்விடாமல் நகர வேண்டும். தரையில் வண்ண நாடா ஒட்டிப் பழகுங்கள். 1993 ஏப்ரல் 13 அன்று நேஷனல் தியேட்டரின் லிட்டில்டன் அரங்கில் டிரெவர் நன் முதலில் இயக்கினார். அதன் பிறகு உலகமெங்கும் போட்டாயிற்று, ஆனாலும் அந்தக் கடைசி வால்ட்ஸ் நடனம் எப்போதும் ஒத்திகை நேரத்தை விழுங்கும்.

புலம்பெயர்வுக்கும் இதற்கும் என்ன என்று கேட்பீர்கள். ஒரே அறையில் இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே மேசைப் பொருளைத் தொடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஜனவரி 21, சற்று நேரம் கழித்து

பிழை. 13 பாத்திரம், 12 நடிகர். கஸ்ஸும் 1812-இல் வரும் அகஸ்டஸும் ஒரே பையன். பிரித்துப் போட்டால் கடைசிக் காட்சியின் மயக்கமே இருக்காது.

ஜனவரி 25

இந்தியா அவர் எழுத்தில் எங்கே என்றவருக்கு 'இன் த நேட்டிவ் ஸ்டேட்' (1991) என்ற வானொலி நாடகம், அது வளர்ந்து 'இந்தியன் இங்க்' (1995) என்ற மேடை நாடகம். 1930-இல் ஜும்மாபூர் என்ற கற்பனை சமஸ்தானத்துக்கு வரும் ஆங்கிலக் கவி ஃப்ளோரா, அவளை ஓவியமாக வரையும் நிராத் தாஸ். ஃப்ளோராவாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டல் இந்தியாவில் ஊர் ஊராக ஷேக்ஸ்பியர் போட்ட குடும்பத்துப் பெண். வானொலியில், கிழவியாகிவிட்ட ஃப்ளோராவின் தங்கையாகப் பேசியவர் பெக்கி ஆஷ்கிராஃப்ட், அவருடைய கடைசி நடிப்பு அது.

வானொலிப் பிரதியை முதலில் படியுங்கள். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அறுபது வருடம் தாண்டலாம், திரைச்சீலை தேவையில்லை. மேடைக்கு வந்தபோது அதே தாவலுக்கு விளக்கும் நடையும் தேவைப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஊடகம் மாறும்போது எது கழிகிறது, எது சேர்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

தாஸ் ஃப்ளோராவுக்கு ரசக் கோட்பாட்டை, அதாவது கலை எழுப்பும் உணர்வுச் சுவைகளை, விளக்கும் இடம் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் படித்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை ஒரே வாக்கியத்தில் எத்தனை அடைக்கலாம் என்று இருவரும் போட்டி போடுவார்கள். அந்தச் சொற்குவியலில் மிளகுத்தண்ணி நாம் கொடுத்தது. சொல்லே புலம்பெயர்ந்து போய்ப் புது ஊரில் உள்ளூர்க்காரர் ஆகிவிடும் கதை அது. ஆங்கிலேயருக்கு மேலான ஆங்கிலேயராக இருக்க விரும்பும் தாஸை எழுதும்போது ஸ்டாப்பார்ட் கேலி செய்யவே இல்லை. உள்ளிருந்து எழுதியிருக்கிறார்.

ஜனவரி 26

எந்தப் பதிப்பு வாங்குவது: எப்போதும் பிந்தியது. அவர் மறுமேடையேற்றங்களில் பிரதியைத் திருத்தியவர். 'டிராவெஸ்டீஸ்' 1974 பிரதியும் 1993 பிரதியும் ஒன்றல்ல. அந்த நாடகத்தையும் இந்த இழையில் சேர்க்க மறந்துவிட்டேன். 1917-இல் ஜூரிக் நகரில் ஐரிஷ் நாவலாசிரியர் ஜாய்ஸ், ருமேனியக் கவி ட்ஸாரா, ரஷ்யப் புரட்சிக்காரர் லெனின். மூவருமே சொந்த ஊரை விட்டு வந்து ஒதுங்கியிருப்பவர்கள். அவர்களை நினைவுகூரும் ஹென்றி கார் என்ற கிழவரின் ஞாபகம் தடம் புரளும்போதெல்லாம் காட்சி திரும்ப முதலிலிருந்து ஓடும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் 'சரி, லியோபோல்ட்ஸ்டாட் பற்றிச் சொல்லி முடியுங்கள்' என்கிறார்.

1990களின் முற்பாதியில் செக் உறவினர் ஒருவர் லண்டனில் அவரைச் சந்தித்துக் குடும்ப மரத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். தாத்தா பாட்டி நால்வரும் யூதர்கள், நால்வரும் நாஜிகள் கையில் மாண்டவர்கள். அம்மாவின் அக்கா தங்கைகளில் மூவரும் அப்படியே. 1996-இல் அம்மா இறந்தார். ஸ்டாப்பார்ட் யூதர் விஷயங்களில் அக்கறை காட்டத் தொடங்கியதைப் பார்த்து, தன் பெயரை விட்டுவிடும்படி வளர்ப்புத் தந்தை கேட்டார். இதையெல்லாம் 1999-இல் ஒரு கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஸ்லீனுக்குப் போனபோது ஒரு பெண்ணைச் சந்தித்தார். சின்ன வயதில் கண்ணாடியில் கை வெட்டுப்பட்டு, டாக்டர் ஸ்ட்ரௌஸ்லர் தைத்துவிட்ட தழும்பு அவர் கையில் இருந்தது. அப்பா தொட்ட பொருள் எதுவும் தன்னிடம் இல்லாத மகன் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

நாடகத்தில் ஊர் ஸ்லீன் இல்லை, வியன்னா. 1899, 1900, 1924, 1938, 1955 என்று ஐந்து காலம், ஒரே வீட்டுக் கூடம், ஒரே பெரிய குடும்பம். முப்பதுக்கும் மேல் நடிகர்கள் வேண்டும், அதில் குழந்தைகள் பலர். யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் அரை மணி நேரம் யாருக்கும் பிடிபடாது. அதற்காக நிகழ்ச்சித் தாளில் உறவுமுறைப் படம் அச்சிட்டுக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அரங்கத்தார் குழம்புவது நாடகத்துக்கு வேண்டியதே. 1938-இல் சிறுவன் லியோ உடைந்த கோப்பையில் கையை வெட்டிக்கொள்கிறான், வீட்டு மருத்துவர் தைத்துவிடுகிறார். 1955-இல் காலியான அதே வீட்டில் மூன்று பேர்தான்: முகாமிலிருந்து பிழைத்த நேதன், அமெரிக்காவிலிருந்து வந்த ரோஸா, இங்கிலாந்தில் லெனர்ட் சேம்பர்லேனாக வளர்ந்து வேடிக்கைப் புத்தகம் எழுதும் லியோ. ஒன்றும் நினைவில்லை என்கிறான் லியோ. யாரும் எட்டு வயதில் பிறப்பதில்லை என்று நேதன் வெடிக்கிறான். எட்டு வயது, இங்கிலாந்து வந்தபோது ஸ்டாப்பார்டுக்கு இருந்த வயது. பிறகு தழும்பு நினைவுக்கு வருகிறது, லியோ உடைகிறான்.

'ஆர்க்கேடியா' மேசையைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். அதே ஒற்றை அறை, அதே காலத் தாவல். அங்கே ஆப்பிள், இங்கே தழும்பு. 27 வருடம் முன்பே கருவியைச் செய்து வைத்துவிட்டார், எதைத் திறக்க அது வேண்டும் என்பது பிறகுதான் கைக்கு வந்தது.

கடைசிப் பக்கத்தை நடிக்கப்போகிறவர்களுக்கு: ரோஸா குடும்ப மரத்தை லியோவிடம் கொடுக்கிறாள். அவன் பெயர்களைக் கேட்கக் கேட்க அவள் ஒவ்வொருவரும் எங்கே எப்படி இறந்தார்கள் என்று சொல்கிறாள். குரலில் எதையும் ஏற்ற வேண்டாம். அந்தக் காகிதத்தில் எல்லாப் பெயரும் உண்மையாகவே எழுதியிருக்கட்டும், வெறுந்தாள் கொடுத்தால் நடிகரின் கண் ஓடும் இடத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஆள் முதல் காட்சியில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசிச் சொல் 'ஔஷ்விட்ஸ்'. அதைச் சொன்னதும் விளக்கை அணைத்துவிடுங்கள்.